தங்கச்சியின் வளவுக்கு ஏற்ற மரங்கள்

வீட்டுத்தோட்டம் ஒன்று அமைத்துத் தரச் சொல்லி எங்கள் ஊர்ப்பக்கம் யாராவது அழைத்தால், மண்ணைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பேன். உங்களுக்குப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? கேட்டதும் சிரிப்பார்கள். "மிஸ் தோட்டம் போட வந்தீங்களா, மாப்பிள்ள பேச வந்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

கல்முனையும் அதற்குத் தெற்கே கடலோரமாகத் தொடரும் எங்கள் முஸ்லிம் ஊர்களும் வீடு கொடுத்து மகளை முடித்துக் கொடுக்கிற ஊர்கள். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு வளவின் முன்பக்கத்தில் வீடு எழும்பும். அவள் கல்யாணத்துக்குப் பிறகு பெற்றவர்கள் ஓரமாக இரண்டு அறை போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். மிச்சத் துண்டு அடுத்தவளுக்கு. காணி நெருக்கமான ஊர்கள் என்பதால், இன்றைக்கு வெறும் மணலாகக் கிடக்கும் இடம் நாளைக்கு ஒருத்தி சமைக்கும் குசினியாகவோ மண்டபமாகவோ ஆகிவிடும். அங்கே ஒரு பலாக்கன்றை வைத்தால், அது காய்க்கத் தொடங்கும் வருஷத்தில் வீடு கட்ட மேசன் வந்து நிற்பான். எங்கள் பக்கத்து வளவுகளில் உப்புக் காற்றால் செத்த மரங்களைவிடக் கல்யாணத்தால் செத்த மரங்கள் அதிகம்.

நான் விவசாயத்தில் டிப்ளோமா முடித்து, ஊர் ஊராகத் தோட்டம் போடக் கற்றுக்கொடுக்கும் அரசாங்கப் போதனாசிரியராக வேலை செய்கிறவள். எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். ஒரு மரத்தைத் தெரிவு செய்வதற்கு முன் நான் பார்ப்பவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முழுதாக வளர்ந்த பிறகு அதன் உயரம் என்ன, குடை எவ்வளவு விரியும், வேர் எந்தப் பக்கம் ஓடும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எட்ட நிற்கிறதா. கோடையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றின் சூட்டையும், கடல் பக்கத்து உப்பையும் தாங்குமா. இலை விழுந்தால் மண்ணுக்கு ஆகுமா, பூத்தால் தேனீக்கு ஆகுமா, காய்த்தால் வீட்டுக்கு ஆகுமா. எல்லாவற்றுக்கும் மேலே, எத்தனை வருஷம் நிற்கும். நிலைத்து நிற்கிற தோட்டம் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வருஷா வருஷம் கொத்திப் புரட்டாமல், தன் குப்பையைத் தானே தின்று, தன் நிழலில் தானே குளிர்ந்து, ஆள் மாறினாலும் நிற்கிற தோட்டம்.

எங்கள் வளவில் பெண்கள் இருவர். நானும் தங்கச்சியும்.

எனக்குக் கல்யாணமானபோது முன்வீடு எனக்கு வந்தது. உம்மாவும் வாப்பாவும் மதிலோரம் இரண்டு அறைக்குப் போனார்கள், தங்கச்சியும் அவர்களோடு. கிணற்றுக்குப் பின்னால் கிடந்த துண்டு அவளுடையது. என் பக்கத்தில் நான் நிலையான மரங்களை வைத்தேன். மூலையில் பலா, மேற்கே மா, கிணற்றின் கழிவுநீர் போகிற வழியில் தென்னை, குசினிக்குப் பக்கத்தில் கறிவேப்பிலையும் புளிக்குத் தேசியும். கணவர் கட்டாரில் இருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் குழி வெட்டுவதுதான் அவருடைய ஓய்வு. தங்கச்சியின் பக்கத்தில் இரண்டு மூன்று வருஷத்தில் பலன் தந்துவிட்டுப் போகிறவற்றை மட்டும் வைத்தேன். கதலி வாழை, பப்பாசி, மரவள்ளி, ஓரத்தில் வெட்டினாலும் யாரும் கவலைப்படாத முருங்கைக் கம்புகள்.

அவள் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே பப்பாசி பறிக்கப் போவாள்.

"ராத்தா, உங்கட பக்கம் நிக்கிற எல்லாம் சொந்தக்காரர். எண்ட பக்கம் எல்லாம் வாடகைக்கு இரிக்கிறவங்க."

"வாடகையை ஒழுங்காத் தாறாங்கதானே. நீதானே திங்கிற."

"ஓம், அதுவும் மெய்தான். ஆனா உங்கட மரம் ஒவ்வொண்டுக்கும் ஒரு உத்தியோகம் இரிக்கி. சும்மா நிக்கிற மரம் ஒண்டும் உங்களிட்ட இல்லையா?"

"சும்மா நிக்க நீ இரிக்காய்."

உம்மா தன் அறையிலிருந்து சிரிப்பது கேட்கும்.

பிறகு அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. படியேறும்போது இளைத்தது. கையில் காரணமில்லாமல் நீலம் நீலமாகக் கண்டியது. இரத்தத்தில் நோய் என்றார்கள், கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். உம்மா அவளோடு போய் அங்கேயே தங்கினார். வாப்பா வயலுக்கும் கொழும்புக்குமாக அலைந்தார். நாவிதன்வெளிப் பக்கம் எங்களுக்கிருந்த வயலில் அந்தப் போகம் யார் விதைத்தார்கள், யார் வெட்டினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த வாப்பா, குளித்துச் சாப்பிட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"மகள், அந்த வாழையெல்லாம் எடுத்து ஒதுக்கித் தா. மேசன்மாரக் கூப்பிட்டிரிக்கன்."

"இப்ப என்னத்துக்கு வாப்பா? அவள் வரட்டுமே."

"அவள் வரக்குள்ள அத்திவாரம் இரிக்கணும். நீ படம் எடுத்து அனுப்பு. அதப் பாத்தாக் கெதியா எழும்பிருவாள்."

பிஞ்சுக் குலையோடு நின்ற வாழைகளை வெட்டினேன். என் தொழிலில் அது பாவம் போன்றது, ஆனால் அன்றைக்கு வெட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கயிறு கட்டி, அறை அறையாக அத்திவாரத்துக்கு நீளப் பள்ளமாகக் கான் வெட்டினார்கள். நான் மதில் மேல் ஏறி நின்று படம் எடுத்து அனுப்பினேன். அவள் குரல் பதிந்து அனுப்பினாள். மூச்சு வாங்க வாங்கத்தான் பேசினாள், ஆனாலும் அவள்தான்.

"ராத்தா, குசினி சின்னமா இரிக்கி எண்டு வாப்பாக்கிட்டச் சொல்லுங்க. அதுக்குள்ள நிண்டு நான் என்ன, முட்ட மட்டும் பொரிச்சித் திங்கவா?"

வாப்பா அன்றே மேசனைக் கூப்பிட்டுக் குசினிக் கானை வெளியே தள்ளி வெட்டச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவளும் உம்மாவும் பகல் முழுக்க அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வீடு கட்டினார்கள் என்று உம்மா பிறகு சொன்னார். கட்டில் எந்தப் பக்கம், தொழுகிற இடம் எது, யன்னலைத் திறந்தால் கிணறு தெரிய வேண்டுமா கூடாதா. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் அந்த வீடு பாடமாகிவிட்டதாம்.

அவள் அந்த மாரிக்கு முன் மௌத்தானாள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் அத்திவாரக் கான்களைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார்கள். யாரோ இரண்டு பலகையைக் குறுக்கே போட்டார்கள்.

மாரி வந்து கான்களில் தண்ணீர் நின்றது. அறை அறையாகத் தண்ணீர். நுளம்பு பெருகும், மூட வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மேசன் ஆள் அனுப்புகிறேன் என்றார், வாப்பா வேண்டாம் என்றுவிட்டார். மழை விட்ட நேரங்களில் தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மூடினார். நான் உதவிக்குப் போனால் "கையெல்லாம் சேறாகும், நீ போ மகள்" என்பார். எல்லாக் கானையும் மூடியபின் அது முன்பு போல் வெறும் மணலாகிவிட்டது. வாழைகூட இல்லை.

வெறும் மணலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது என் தொழிற்கோளாறு. மூடாத மண் வெயிலில் செத்துப்போகும், உள்ளே இருக்கும் கொஞ்ச உயிரும் கச்சானில் காய்ந்துவிடும். ஆனால் அங்கே எதை வைப்பது என்று யோசிக்கத் தொடங்கியதும், மனதில் இருந்த வரிசை முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. இந்த வளவில் இன்னும் வீடு வருமா? வராது. அப்படியானால் அது நிலையான மரங்களுக்குரிய இடம். வேறெந்த வீட்டிலும் நான் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, ஒரு வெள்ளிக்கிழமை வந்திருந்தபோது அந்தப் பேச்சை எடுத்தார்.

"அந்த இடத்துல நல்ல மரமா ரெண்ட வையுங்களன். அவள்ர பேர்ல ஸதக்காவா இரிக்கும். மனிசன் திண்டாலும் குருவி திண்டாலும் நன்ம அவளுக்குப் போய்ச் சேரும்."

மௌத்தானவர்களுக்காக நடும் மரம் தீராத தர்மம் என்பது எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த விஷயம்தான். உம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாச்சி என்னைப் பார்த்து, "நீ படிச்ச புள்ளதானே, நீ கதை" என்றார்.

நான் கதைத்தேன். உம்மா கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார், பூனை எட்டக் குந்திக்கொண்டிருந்தது.

"உம்மா, பின்னுக்கு எதையாச்சும் வெக்கணும். மண் வீணாப்போகுது."

"வை. வாழைய வை."

"வாழைய அதே இடத்துல திரும்பத் திரும்ப வெச்சா நோய் வரும் உம்மா. பலாவோ மாவோ வெச்சா…"

"அது எத்தின வருஷம் நிக்கும்?"

"மா எண்டா அம்பது அறுவது வருஷம் நிக்கும்."

"வேணா."

"கொய்யா? சின்ன மரம்தானே."

"எத்தின வருஷம்?"

"பதினஞ்சி இருவது வருஷம்."

"வேணா."

"மாதுள?"

"நீயே சொல்லு."

"அதுவும் பத்து வருஷத்துக்கு மேல நிக்கும்."

உம்மா மீனின் செதிலை உரசிக்கொண்டே இருந்தார். "பப்பாசி?"

"மூணு, நாலு வருஷம்."

"அதான் சரி. பப்பாசிய வை. மரவள்ளிய வை. கீர போடு. பெரிசா ஒண்டும் வேணா."

ஊரெல்லாம் என்னிடம் கேட்பது எது அதிக காலம் நிற்கும் என்று. என் உம்மா ஒருவர்தான் எது சீக்கிரம் போகும் என்று கேட்டார். அந்த இடத்தில் ஒரு மாங்கன்றை வைத்தால், இங்கே இனி வீடு வராது என்று நாங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதை உம்மா வாயால் சொல்லவில்லை. செதில் தெறித்த முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, பூனைக்கு ஒரு தலையை எறிந்தார்.

நான் பப்பாசியையும் மரவள்ளியையும் வைத்தேன். மண் இளைத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. சாணமும் இலைக்குப்பையும் போட்டேன், ஆழமாக வேரோடி அவற்றைப் பிடித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லாததால் மாரி மழை எல்லாவற்றையும் மணலுக்குள் இறக்கிவிட்டது. உம்மாவிடம் இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயமாக இருந்தது.

பப்பாசி காய்த்தது. மரத்திலேயே பழுத்த ஒன்றைக் கொண்டைக்குருவிகள் வந்து கொத்தின. உம்மா வழக்கமாக விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு ஓடுகிறவர். அன்றைக்கு நான் வேலைக்குப் புறப்படும்போது அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலைக்கல்லையா உம்மா?"

"திங்கட்டும்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த மரங்களில் பழம் பறிக்கவில்லை. குருவிக்கும் அணிலுக்கும் என்று விட்டுவிட்டோம். உம்மா காலையில் எழும்பி, எது கொத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார். கடைக்குப் போய்வந்தவர் பையை வைப்பதுபோல, ஒரு வேலை முடிந்த முகத்தோடு திரும்பி வருவார்.

பிறகு கச்சான் பலமாக அடித்த ஒரு நாளில் இரண்டு பப்பாசி சாய்ந்தன. மற்றவை ஏற்கனவே வயதாகி, உச்சியில் சின்னச் சின்னக் காய்களாகத்தான் வைத்திருந்தன. நான் வேலையால் வந்தபோது உம்மா விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"இது முடிஞ்சிதா?"

"ஓம் உம்மா. இதுட காலம் அவ்வளவுதான்."

"இதுக்கு மறுகா அவளுக்கு என்ன போகும்?"

எனக்கு உடனே விளங்கவில்லை. சாச்சி சொன்ன அந்த நன்மையைத்தான் உம்மா கேட்டார்.

"புதுப் பப்பாசிக் கண்டு வெக்கலாம் உம்மா. காய்க்க ஒரு வருஷம் ஆகும்."

"ஒரு வருஷத்துக்கு ஒண்டும் போகாதா?"

உம்மா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்தார். பிறகு, "தென்ன எத்தின வருஷம் நிக்கும்?" என்றார்.

"அறுவது, எழுவது."

"நாங்க இல்லாட்டியும் நிக்குமா?"

"நிக்கும்."

"அப்ப வை." உடனே கையை உயர்த்தினார். "ஆனா நீ நினைச்ச இடத்துல வெக்காத. நான் காட்டுறன்."

அடுத்த நாள் என் அளவுநாடாவோடு போனேன். தென்னைக்கு எவ்வளவு இடைவெளி, மதிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு ஒரு கம்பை ஊன்றினேன். உம்மா தலையை ஆட்டினார்.

"அது மண்டபம்."

நான் கம்பைப் பிடுங்கி வடக்கே போனேன்.

"அது அவள்ர அறை. கட்டில் வாற இடம்."

மணலில் ஒரு கோடுகூட இல்லை. உம்மா கண்ணை மூடிக்கொண்டு நடந்திருந்தாலும் சுவரில் முட்டியிருக்க மாட்டார். இது வாசல், இது யன்னல், இங்கே ஒரு மரம் நின்றால் காற்று வரும், இது கழுவுகிற தண்ணீர் வெளியே போகிற இடம், இங்கே வாழை வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பின்னால் கம்புகளோடு போனேன். கட்டி முடித்த வீட்டைச் சுற்றி எங்கே மரம் வைப்பேனோ, அங்கெல்லாம்தான் கம்பு நின்றது. கடல் பக்கம் உப்புக்காற்றுக்குப் பூவரசு. வாசலுக்கு இடப்பக்கம் மா. வேலி மூலைகளில் தென்னை. யன்னலுக்கு எட்ட, வேர் சுவரைத் தொடாத தூரத்தில், கறிக்கு ஆகும் ஈரப்பலா. குருவிக்கென்று கொய்யாவும் அன்னமுன்னாவும் மதிலோரமாக. நடுவில் ஒன்றும் இல்லை.

வாப்பாதான் குழிகளை வெட்டினார். அடியில் போடத் தேங்காய்ப் பொச்சு மட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தார். நான் குசினி மூலையில் ஊன்றியிருந்த கம்பை அவர் பிடுங்கி, வெளியே தள்ளி ஊன்றினார். நான் பழைய அளவில் ஊன்றியிருந்தேன். அவள் பெருப்பிக்கச் சொன்ன குசினியை நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. நான் குந்தி, அந்தக் கம்பின் அடியில் மண்ணை இறுக்கினேன். வாப்பா என் தோளைத் தொடாமல், பக்கத்தில் குந்திக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

கன்றுகள் பிடித்துவிட்டன. நடுவில் மிளகாய், கத்தரி, கீரை. தொழில் கண்ணால் பார்த்தால் அது நல்ல அமைப்பு. ஓரத்தில் உயரமும் நிழலும், நடுவில் வெயிலும் பயிரும். மரங்களின் இலை முழுவதும் நடுவுக்குப் போகிறது, நடுவின் தண்ணீரில் மரங்களும் குடிக்கின்றன. வகுப்பில் வரைந்து காட்டுகிற படத்தைவிடச் சுத்தமாக வந்திருக்கிறது. ஆகவே இப்போது அலுவலகத்தால் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். கடற்கரை மணலிலும் இப்படிச் செய்யலாம் என்று காட்டுவதற்கு எங்கள் வளவு நல்ல உதாரணமாம். நான் வழக்கமான குரலில் விளக்குவேன். இது காற்றுத் தடுப்பு, இது மண் மூடாக்கு, இது தேனீக்கு.

போன முறை பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் இருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் நடுவயதுக்காரி ஒருத்தி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "நடுவில மட்டும் ஏன் மிஸ் ஒரு மரமும் வெக்கல்ல?" என்று கேட்டாள்.

"மிளகாய்க்கு வெயில் வேணும்" என்றேன். அது பொய்யில்லை.

உம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்தவர், தட்டோடு நின்றார்.

"அது எண்ட சின்ன மகள்ர வீடு" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. வீடு என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் அடுத்துக் கேட்கிற கேள்விதான் அது. "அப்பிடியா அம்மா? எப்ப வேல தொடங்கப் போறீங்க?"

உம்மா என்னைப் பார்த்தார். இவ்வளவு காலமும் அந்த மண்ணைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று நினைத்தவள் நான்தான்.

"இந்த வருஷம் இல்ல" என்றேன்.

"ஓம், சீமெந்து விக்கிற விலைக்கு இப்ப ஆரு கட்டுற" என்று சொல்லிக்கொண்டே அவள் உம்மாவின் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, ஈரப்பலாக் கன்றுக்கு என்ன பசளை போடுவது என்று கேட்டாள். நான் சொன்னேன்.